மாமாவுக்கு வைத்த தகடு

குமராட்சி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி இளவரசுக்கு,

அக்கா ராஜாமணி எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசும்போது மகள் சுவேதா பக்கத்திலேயே நிற்கிறாள். அவள் காதில் விழக்கூடாதது இருப்பதால், மஸ்கட் திரும்பும் பொன்னி வீட்டுக்காரரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் மாமாவுக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். தையல் பிரித்தாயிற்று. காய்ச்சல் இல்லை.

ஆனால் நீ சொன்ன தகட்டை வைக்கவில்லை. கோபப்படாமல் முழுதும் படி. முதுநகரில் கட்டட வேலையில் சாரம் சரிந்து அவர் விழுந்தபோது, மூளை வீக்கத்துக்காக மண்டையோட்டில் ஒரு பக்கத்து எலும்பை எடுத்தார்கள். பிறகு அதையே திரும்பப் பொருத்தினார்கள். அது சீழ் பிடித்து, மறுபடி எடுத்துவிட்டார்கள் என்பது வரை உனக்குத் தெரியும்.

புண் ஆற மாதக்கணக்கில் காத்திருந்தோம். அதன்பிறகு சிதம்பரத்தில் காயத்ரி டாக்டர் என்னை உட்காரவைத்து மூன்று விதம் சொன்னார். குழைத்து அச்சாக்கி வைக்கும் எலும்பு சிமென்ட் ஒன்று. ஸ்கேன் பார்த்து அளவாகச் செய்யும், பிளாஸ்டிக் போன்ற தகடு ஒன்று. நீ சொன்னது இதுதான். இன்னொன்று டைட்டானியம். சிமென்ட் என்று கேட்டதும் நான் வார்டுக்கு ஓடினேன். உங்க தலைக்கே சிமென்ட் பூசப் போறாங்களாம், கலவை சரியா இருக்கான்னு நீங்கதான் பாக்கணும் என்று மாமாவிடம் சொன்னேன். எத்தனை வீடு கட்டின கொத்தனார்! சிரித்துவிடுவார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஃபேனை விட்டு அவர் கண் அசையவில்லை.

ஒரு தடவை சீழ் பிடித்த இடம், டைட்டானியம்தான் தாங்கும் என்றார் டாக்டர். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்துக் கட்டில் விருத்தாம்பாள் அக்காவின் மகனுக்கு அதைத்தான் வைத்திருக்கிறார்கள். வெயிலில் போனால் தலை சுடுகிறது என்கிறானாம். இவர் சித்திரை வெயில்லயும் தளம் போடுற ஆளு மேடம், சுடாததா பாத்து வையுங்க என்று கேட்டேன்.

டாக்டர் பேனாவை மூடிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். எதை வச்சாலும் இவர் இனி வேலைக்குப் போகப் போறதில்லம்மா, உள்ளே அடிபடாம மூடத்தான் இந்த ஆபரேஷன் என்றார். மூடினபிறகு சிலருக்குத் தெளிவு வருமாமே என்றேன். சிலருக்கு வரும், இவருக்கும் வரும்னு சொன்னா நான் பொய் சொன்ன மாதிரி ஆகும் என்றார்.

அதுவரைக்கும் அவர் பூச்சுக் கரணையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பப்போகிற நாளுக்காகத்தான் நான் தகடு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் தம்பி. டைட்டானியமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இப்போது தலையில் எலும்பு எடுத்த பள்ளம் இல்லை. பார்க்க வருகிறவர்கள் பழைய ஆளாட்டமே இருக்கார் என்கிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பள்ளம் இருந்தவரைக்கும், அதனால்தான் பேசவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். சுவேதா தினமும், நான் யாருன்னு சொல்லுப்பா என்று கேட்கிறாள். மூக்குக் குழாயில் கஞ்சி இறங்கி முடிகிறவரை கேட்டுக்கொண்டே இருக்கிறாள். டாக்டர் சொன்னதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயும் சொல்லிவிடாதே.

பொங்கலுக்கு வருகிறாய் என்று சந்தோஷம். மாமா எழுந்து உட்கார்ந்திருப்பார் என்று நினைத்து வராதே. வேறு ஆஸ்பத்திரி பெயர் ஏதும் விசாரித்துக்கொண்டும் வராதே, இனி என்னால் அலைய முடியாது. அவரைப் புரட்டிப் படுக்கவைக்க என் இடுப்பில் பலம் இல்லை; நீ இங்கே இருக்கிற நாளில் ஒரு கை பிடித்தால் போதும்.

வந்ததும் வாசலில் நின்று, எப்போதும்போல மாமா என்று சத்தமாகக் கூப்பிடு. வாடா மச்சான் என்ற குரல் வராது. அதற்காக அங்கேயே நின்றுவிடாமல் உள்ளே வந்துவிடு, தம்பி.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடும்,
உன் அக்கா
ராஜாமணி