மாடத்திலிருந்து போட்ட பூஜ்யம்

மார்ச் 4

சட்டப்பேரவையில் இன்று மதுக்கடை மசோதா. பள்ளிக்கூடத்திலிருந்து ஐம்பது மீட்டரிலேயே கடை திறக்கலாமாம். வெட்கங்கெட்டவர்கள்.

பார்வையாளர் மாடத்தில் நானும் முசே லூசியனும். பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர், வயது எழுபத்திரண்டு, எங்கள் மதுவிலக்கு மகளிர் கூட்டமைப்பில் ஒரே ஆண்பிள்ளை. உள்ளே பேனா, காகிதம், போன் எதுவும் விடமாட்டார்கள். குரல் வாக்கெடுப்பில் யார் என்ன சொன்னார் என்று பேரவைக் குறிப்பில் பெயர் போட்டு எழுதுவதும் இல்லை. அதனால் இடப்பக்க இருக்கைகளுக்கு நான், வலப்பக்கத்துக்கு அவர். எந்த இருக்கையிலிருந்து என்ன குரல் வந்தது என்று மனதில் வாங்கிக்கொண்டு, எதிரே பாரதி பூங்காவில் உட்கார்ந்து எழுதுவோம். மேலிருந்து தெரிவதெல்லாம் வெள்ளைச் சட்டையும் வழுக்கையும்தான்; இருக்கையை வைத்துத்தான் ஆள் யாரென்று பிடிப்போம். எனக்குப் பிசகாது. பதினோரு வருடப் பழக்கம்.

மார்ச் 9

மதிப்பெண் பட்டியலை வீடு வீடாகக் கொடுத்தோம். பத்து வாக்கெடுப்பு, பத்து மதிப்பெண். மதுக்கடைக்கு 'ஆம்' சொன்னால் மட்டும் மொத்தமும் பூஜ்யம். என் இடப்பக்க வரிசையில் உட்காரும் எங்கள் தொகுதி சுயேச்சை விஜயராகவனுக்குப் பூஜ்யம். போன தேர்தலில் அவனுக்காகத் தெருத்தெருவாக நடந்தவள் நான். துரோகி.

மார்ச் 11

அவன் வீட்டு முன் நாற்பது பெண்கள். முதலில் செருப்பு பறந்தது, பிறகு கல். நான் கல் எடுக்கவில்லை. தடுக்கவும் இல்லை. சன்னல் கண்ணாடி நொறுங்கி, அவன் மனைவி ஆதிலட்சுமி கண்ணைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். விரலிடுக்கில் வழிந்த ரத்தம் முழங்கையிலிருந்து சொட்டியது. கூட்டம் கைதட்டியது.

நானும் தட்டினேன். இதையும் இங்கே எழுதித்தானே ஆகணும்.

மார்ச் 13

லூசியனை அடித்துவிட்டார்கள். காலையில் ரொட்டி வாங்கப் போன மனிதரைக் கடைப்படியில் தள்ளி, வலது கையைப் படிமேல் வைத்து, இரும்புக் குழாயால். "எழுதுன கை இதானே?" — கேட்டுக் கேட்டு அடித்திருக்கிறார்கள். எலும்பு வெளியே வந்துவிட்டது.

எழுதுன கை என் கைடா, பாவிங்களா! விட மாட்டேன். அந்த விஜயராகவன ரோட்ல இழுத்துப் போட்டு மிதிக்கணும். மிதிப்பேன்.

மார்ச் 14

போலீஸ் புகாரோடு கொடுக்கலாம் என்று, மசோதா அன்றைய பேரவை வீடியோவை முதல் தடவையாக வாங்கிப் பார்த்தேன். இருபது தடவை பார்த்தேன்.

இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்து இருக்கை பிரேம்குமார் ஏசியைக் காட்டிக் காதைப் பொத்துகிறார், விஜயராகவன் எழுந்து தன் இடத்தைக் கொடுக்கிறார். அங்கிருந்து 'ஆம்' சொன்னது பிரேம்குமார். விஜயராகவன் கையைத் தூக்கி, கழுத்து நரம்பு புடைக்க, 'இல்லை' என்கிறார்.

பூஜ்யம் போட்டவள் நான்.

மார்ச் 15

ஆதிலட்சுமிக்கு இடது கண் போய்விட்டதாம்.

மார்ச் 16

எங்கள் தலைவி அமுதவல்லியிடம் சொன்னேன். திருத்தம் போடக் கூடாதாம். "இப்ப மாத்துனா அடிக்குப் பயந்துட்டாளுங்கன்னு ஊரே சிரிக்கும், செல்வி." அதுவும் நிஜம்தான். அடி வாங்கியவரிடமே கேட்போம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். லூசியன் சொன்னார்:

"போட்டுடுங்க, மேதாம். என் கையக் காட்டி அந்தம்மா கண்ண மறைக்காதீங்க."

மார்ச் 18

போட்டுவிட்டேன். என் பெயரில், என் தவறு என்று. விஜயராகவன்: ஒன்பது. முதல் பிரதியை நானே அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆதிலட்சுமி ஒற்றைக் கண்ணால் படித்தாள்.

"ஒரு போன் பண்ணி கேட்டிருக்கலாமே," என்றாள்.

அவளுக்குப் பின்னாலிருந்து வந்து விஜயராகவன் என்னை அறைந்தார். கடைவாய்ப் பல் ஆடுகிறது. புகார் கொடுக்கவில்லை. எந்த முகத்தோடு கொடுப்பேன்?

ஆகஸ்ட் 6

மறுபடி மதுக்கடை மசோதா, இப்போது கோயில் பக்கத்திலும். லூசியன் வந்திருந்தார். வலது கையில் மூன்று விரல் மடங்கவில்லை. யார் எங்கே உட்காருகிறார்கள் என்று காவலரிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டேன்.

ஏற்போர் 'ஆம்' என்க, என்றார் பேரவைத் தலைவர். விஜயராகவன் தன் இருக்கையில்தான் இருந்தார். திரும்பி, மாடத்தில் என்னைத் தேடிப் பிடித்து, 'ஆம்' என்றார். மற்ற குரல்கள் அடங்கியபின் இன்னொரு தடவையும் சொன்னார்.

பூங்காவில் லூசியன் கேட்டார்: "சரியா பாத்தீங்களா, மேதாம்?"

பார்த்தேன் என்றேன். பூஜ்யம் போட்டேன்.