சேர்ந்து கேட்டால்தான் மானியம்

அன்பு மகளே,

ஊர்ப் பழம்பொருட்களை வைத்திருக்கும் என் வரலாற்று அறையின் கூரை ஒழுகுகிறது. மானியம் கிடைக்காவிட்டால் பூட்டிவிட வேண்டியதுதான்.

"தனித்தனியா குடுக்க மாட்டோம். பக்கத்துல நாடகக்குழு இருக்கே, அவங்களோட சேர்ந்து வாங்க சார்" என்றார் மானியம் தரும் அதிகாரி. அதை நடத்துவது உன் அம்மா என்று எந்த வாயால் சொல்ல?

அவள் தனி வீடு போனபின் எங்களுக்குள் பேச்சே கிடையாது. போய் அசடு வழிய நின்றேன். "கூரை ஒழுகினாத்தான் எங்க வாசல் தெரியுமா?" என்றாள். ஆனாலும் வந்தாள்.

"உங்களுக்குள்ள ஒத்துப்போகுமா?" என்று அதிகாரி கேட்டார்.

"இவருக்குப் பழசை மறக்கத் தெரியாது, எனக்கு நடிக்க வரும். ஒத்துப்போயிடும்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்துவிட்டார்.

வெளியே மழை. குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். அங்கே அதிகாரி யாரும் இல்லையே, அது எதற்கு? உனக்குப் புரிந்தால் எழுது.

ஒன்றும் விளங்காமல்,
உன் அப்பா