யார் மகள் என்று கேட்காத சங்கம்

என் பிரியமான மாலினி அக்கா,

நீங்கள் கண்மூடிய பிறகும், ஏவன்டேல் பகுதி வாடகை வீட்டில் நீங்கள் தொடங்கிய அக்கா தங்கைச் சங்கம் நடக்கிறது. பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வரும் தமிழ்ப் பெண்களை இப்போதும் விமான நிலையத்துக்கே போய்க் கூட்டிவருகிறோம். முதல் வாரம் எங்களில் ஒருத்தி வீட்டில்தான் சாப்பாடு. நான் வைக்கும் தேங்காய்ப்பால் சொதியை மட்டும் யாரும் மறுபடி கேட்பதில்லை.

போன ஞாயிறு உங்கள் விதிக்கு ஆபத்து வந்தது. வந்தவளிடம் எந்த ஊர், யார் மகள் என்று கேட்கக் கூடாது. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். நம் ஆட்களிடம் போய் இப்படி ஒரு விதி! பெயருக்கு முன்பே ஊரைக் கேட்கிற கூட்டமல்லவா நாம்? காரணம் கேட்டபோதெல்லாம் "முதல்ல சாப்பிடும்" என்று என் வாயை அடைத்தீர்கள்.

இந்த வருடத் தலைவி நிலா இங்கேயே பிறந்தவள். "அக்கா, இட்ஸ் ஜஸ்ட் ஸ்மால் டாக். இதுக்கு எதுக்கு ரூல்? எடுத்துடலாம்" என்றாள். பாதிப் பேர் தலையாட்டினார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காரணம் சொல்லாமலே போன உங்கள் மேல் கோபம்கூட வந்தது.

அப்போது சுகந்தி பேசினாள். தொலைவில், புக்கெகோஹியில் மாமா வீட்டிலிருந்து வருகிறவள், அதுவரை கூட்டத்தில் வாயே திறக்காதவள்.

"ஒரு கலியாண வீட்டில ஒரு அன்ரி என்னோட நல்லாக் கதைச்சவ. பிறகு எந்த ஊர், அதில எவடம், அப்பா ஆர் எண்டு கேட்டா. சொன்னன். எழும்பிப் போய் வேற மேசையில இருந்திட்டா. இஞ்சையும் கேட்டா நான் வரமாட்டன்."

நிலாவுக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்தவள் "சாதி" என்று காதில் சொன்னாள். நிலா எழுந்துபோய் சுகந்தியை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். விதியை எடுக்கும் பேச்சு அதோடு நின்றது.

எனக்குத்தான் யோசனை நிற்கவில்லை. உங்கள் மேசையிலிருந்தும் யாராவது எழுந்து போனார்களா, அக்கா? ஊரிலா, இங்கேயா? இல்லை, எழுந்து போனவர்கள் உங்கள் வீட்டு ஆட்களா? இத்தனை வருடம் உங்கள் கையால் சாப்பிட்டும், நீங்கள் யார் மகள் என்று எனக்குத் தெரியாது.

உங்கள் சாமான்களை எடுத்துப்போக அடுத்த வாரம் சிட்னியிலிருந்து உங்கள் தம்பி வருகிறார். சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். கேள்வி நாக்கு நுனியில் நிற்கிறது.

கேட்கமாட்டேன், அக்கா. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். சொல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் சோறு வைப்பேன்.

ஒன்றுமே கேட்காமல் நீங்கள் சேர்த்துக்கொண்ட
உங்கள் தங்கை,
செல்வி