மேலே போக ஒரு நாள் அனுமதி

ஜூன் 14, சனி

வெயில். கூடவே புழுதிக் காற்று. காலை ஏழுக்கு வள்ளியூரில் சித்தி வீட்டிலிருந்து சாமான் ஏற்றினோம். இங்கே இறக்கி முடிக்கப் பன்னிரண்டாகிவிட்டது. மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

வந்து சேர்ந்தவை: கட்டில் 1, பீரோ 1 (கதவு நெளிந்துவிட்டது), என் புத்தகப் பெட்டி 4, அம்மாவின் பாத்திர மூட்டை 3, அப்பாவின் கம்பளி 5. ஐந்து கம்பளி, இந்த ஊருக்கு.

ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை. அப்பாவும் அம்மாவும் முப்பது வருடத்துக்கு மேல் மலையில் எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தவர்கள். அவர் தேயிலை ஃபேக்டரியில், அவள் கொழுந்து பறிப்பில். எஸ்டேட்டை மூடிய பிறகு சித்தி வீட்டு முன்னறையில் ஒரு வருடத்துக்கு மேல். இப்போது இது, எஸ்டேட் ஆட்களுக்கு அரசு ஒதுக்கிய அடுக்குமாடி. சொந்தம் என்று சொல்லிக்கொள்ளும் முதல் வீடு, ஓய்வு பெற்ற பிறகு. விண்ணப்பம் எழுதியது நான். அலைந்தது நான். கையெழுத்துப் போட மாட்டேன் என்றவரைப் போடவைத்ததும் நான்.

பால் காய்ச்சி ஜெபம் பண்ணினோம். அம்மா குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள்.

அப்பா ஹாலின் மேற்கு ஜன்னலைத் திறந்தார். மலை தெரிந்தது. ரொம்பத் தள்ளி, நீலமாக. உச்சியில் மேகம்.

“அங்கன மழ,” என்றார்.

சாப்பிட மூன்று தடவை கூப்பிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு அடுப்பு மாதிரி கொதிக்கிறது. எல்லா ஜன்னலும் சாத்தி, கொக்கி போட்டு, இடுக்கில் துணி அடைத்திருக்கிறது. அப்பாவின் வேலை. மலையில் நாலு மணிக்கு மூட்டம் வீட்டுக்குள் வந்து படுக்கையை நனைத்துவிடும். அந்தப் பழக்கம்.

எதிர்வீட்டுப் பேச்சியக்கா எட்டிப் பார்த்தாள். பீடி சுற்றுகிறவள், மடியில் முறத்தோடேயே வருவாள்.

“ஏ அண்ணாச்சி, எதுக்கு இப்பமே அடச்சுப் போட்டிருக்கிய? இந்த வெயில்ல கள்ளன்கூட வரமாட்டான்.”

“மூட்டம் வந்துரும்லா.”

“மூட்டமா? வந்தா ஒரு சத்தம் குடுங்க. சருவப்பானையக் கொண்டாந்து புடிச்சு வைக்கேன். கோடைக்கு ஆகும்.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் சிரிக்கிற மாதிரி ஏதோ செய்தார். பிறகு ஒவ்வொரு கொக்கியாக எடுத்துவிட்டார். துணிகளை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்.

ஜூன் 18, புதன்

நூலகத்தில் ஒரு பயணப் புத்தகம் எடுத்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரத் தம்பதி ஏதோ வெப்பத் தீவில் வீடு கட்டிக் குடியேறுகிறார்கள். தென்னை வைக்கிறார்கள், மீன்காரனோடு சண்டை போடுகிறார்கள், பாஷை படிக்கிறார்கள். அத்தியாயத்துக்கு ஒரு அஸ்தமனம். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அறுபது பக்கத்துக்கு மேல் முடியவில்லை. அவர்கள் போனது போக வேண்டுமென்று ஆசைப்பட்டு. நாங்களும் பொட்டலுக்கு நடுவில் ஒரு தீவில்தான் இருக்கிறோம், பஸ் நிறுத்தத்துக்கு இருபது நிமிடம் நடந்தால். யார் ஆசைப்பட்டது? நான்தான்.

வாங்க: பினாயில், கொடிக்கயிறு, கொசுவத்தி, அப்பா கண் சொட்டு மருந்து.

அம்மா பே.அக்காவிடம் பீடி சுற்றப் படிக்கிறாள். “வெரலப் பாரு, மிஷினு மாதிரில்லா ஓடுது. எத்தன வருசமா எல கிள்ளுனிய?” என்கிறாளாம் அவள். அம்மாவுக்குப் பெருமை. இந்த ஊர் அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. இதை எழுதவே ஒரு மாதிரி இருக்கிறது.

அப்பா வெளியே போய்விட்டு வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து கால்விரல் இடுக்கெல்லாம் பார்க்கிறார். அட்டை ஏறியிருக்கிறதா என்று. தார் ரோட்டில் நடந்துவிட்டு.

ஜூன் 21, சனி

இன்று அப்பாவாகப் பேசினார். காலையில் காப்பி குடிக்கும்போது.

“அஞ்சாம் தேதி சனிக்கெழம வருது.”

நானும் காலண்டரில் பார்த்துவைத்திருந்தேன். ஜூலை ஐந்து. செல்வின் இறந்த நாள். பதினாறு வருடம்.

தம்பிக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினொன்று. அடைமழை, மண் சரிந்து ரோடு அடைபட்டு மூன்று நாளாக பஸ் இல்லை. காய்ச்சலோடு அவனைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு அப்பாவும் இன்னும் நாலு பேரும் இறங்கினார்கள். பாதி வழியிலேயே திரும்பி வந்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் ஓடை பெருகிக் கிடந்தது. தேயிலைக்குள்ளேயே வைத்தோம். கல் நடக்கூடாது, பறிப்புக்கு இடைஞ்சல் என்று எஸ்டேட் நிர்வாகம் சொல்லிவிட்டது. மரச்சிலுவை. மழையில் ஒரு வருடத்துக்கு மேல் நிற்காது. ஒவ்வொரு ஜூலை ஐந்தும் அப்பா புதிதாக ஒன்று செய்து கொண்டுபோய் நடுவார். போன வருடம் கண் ஆபரேஷன், போகவில்லை.

அம்மா அடக்கத்தன்று போனதோடு சரி. ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போனதில்லை. அந்தத் தேயிலைக் காட்டில் பறிப்பு விழுந்தால் அன்றைக்கு லீவு போட்டுவிடுவாள்.

“ஒரு பஸ்தானே அப்பா, நினைச்சா போயிட்டு வரலாம்.” கையெழுத்துக்காக நான் சொன்ன வாக்கியம். வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. இப்போது மேலே குடியிருப்பவர்கள் தவிர யார் போனாலும் வனத்துறையின் முன் அனுமதி வேண்டும்.

ஜூன் 23, திங்கள்

அனுமதிக்கு ஃபோனில் விண்ணப்பித்தேன். ‘வருகையின் நோக்கம்’ என்ற கட்டத்தில் அவர்களே கொடுத்திருப்பதில் ஒன்றைத் தொட வேண்டும். சுற்றுலா, ஆய்வு, அலுவல். நாலாவது இல்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுற்றுலா.

நபர்கள்: 3. அம்மாவிடம் கேட்காமலேயே அவள் பெயரையும் போட்டேன்.

ஜூன் 26, வியாழன்

அப்பா எங்கிருந்தோ வேப்பம் பலகை இரண்டு கொண்டுவந்து மதியம் முழுக்கச் செதுக்கியிருக்கிறார். கீழ்வீட்டிலிருந்து சத்தமென்று ஆள் வந்ததாம். நான் வரும்போது ஹாலெல்லாம் சிராய். அம்மா துடைப்பத்தோடு நிற்கிறாள்.

“நான் வரல. எத்தன தடவ சொல்லணும்? எம்பிள்ளையத் தின்ன மல அது. அதுல போயி என்னத்தப் பாக்கச் சொல்லுதிய?”

“ஒன்னிய ஆரு கூப்பிட்டா?”

“இவ பேரு எழுதியிருக்காளாம்லா. ஏட்டி, ஒன்னிய ஆரு எழுதச் சொன்னா?”

அப்பா, “அங்கன அவன் தனியால்லா கெடக்கான்,” என்றார். பலகையைப் பார்த்துத்தான் சொன்னார்.

அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு பே.அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சிராயை நான் கூட்டினேன்.

ஜூன் 29, ஞாயிறு

ஆலயம். நீளப் பிரசங்கம். அப்பா வரவில்லை.

அவர் சாப்பாடு இந்த வாரம்: காலை காப்பி, மதியம் ஒரு கை சோறு, இரவு ஒன்றுமில்லை. ஜூன் 14 அன்று போட்ட பெல்ட்டில் புதிதாக இரண்டு துளை, ஆணியால் போட்டது.

டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். எல்லாம் சரியாக இருந்து ஒரு மனிதர் இப்படி ஆவாரா?

அனுமதி இன்னும் வரவில்லை. வராவிட்டால் இவர் என்ன ஆவார் என்று யோசித்து, யோசிப்பதை நிறுத்தி, மறுபடி யோசித்து. பத்தாம் வகுப்பு விடைத்தாள் நாற்பது பாக்கி. இந்த வீட்டுக்கு நான் அவர்களைக் கொண்டுவரவில்லை, இறக்கிப் போட்டிருக்கிறேன். சாமான் மாதிரி.

ஜூலை 2, புதன்

வந்துவிட்டது. பள்ளி அலுவலகத்தில் அச்செடுத்தேன். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தார்.

“சுற்றுலாப் பயணிகள் மூணு பேரு,” என்றார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இரவு ஒரு தோசை சாப்பிட்டார்.

ஜூலை 5, சனி

விடியற்காலை பஸ். அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து தயிர்ச்சோறு கட்டினாள். நாங்கள் செருப்புப் போடும்போது அவளும் போட்டாள். அப்பாவும் நானும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

அடிவாரத்தில் சோதனைச் சாவடி. சின்ன வயது கார்டு. பையில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்தான்.

“மேல ஆரு இருக்கா?”

“மவன்,” என்றார் அப்பா.

“அங்கனதான் எல்லாம் மூடியாச்சே. இன்னும் என்ன செய்யுதான்?”

அம்மா சொன்னாள்: “படுத்திருக்கான்.”

அப்பாவின் சாக்குக்குள் கையை விட்டவன் சிலுவையை எடுத்தான். பெயரை வாசித்தான். பத்திரமாகத் திரும்பச் சுற்றிவைத்தான். “பைய போயிட்டு வாங்க, அண்ணாச்சி. ரெண்டு மணி பஸ்ஸ விட்ராதிய.”

மேலே தூறல். குளிர். அப்பாவின் நடையே மாறிவிட்டது, எனக்கு மூச்சு வாங்கியது.

பதினாலாம் நம்பர் காடு. ரோட்டிலிருந்து ஏழாவது நிரை, அதில் இருபதாவது செடி, அதன் காலடி. அப்பா அப்படித்தான் குறித்துவைத்திருந்தார். எஸ்டேட்டில் யாரைக் கேட்டாலும் ஒரு இடத்தை இப்படித்தான் சொல்வார்கள். பறிப்பு நடக்கும்வரை செடியெல்லாம் இடுப்புயரம், மேசை மாதிரி ஒரே மட்டம், நிரைக்கு நிரை நடக்க வழி. கண்ணை மூடிக்கொண்டு எண்ணலாம்.

இப்போது கிள்ளவும் வெட்டவும் ஆளில்லை. என் தலைக்கு மேல் வளர்ந்து நிற்கின்றன. பக்கத்துக்குப் பக்கம் கிளை பின்னி, கொடி ஏறி. நிரையே இல்லை. இதை நாங்கள் மூவருமே யோசிக்கவில்லை. தேயிலை வளரும் என்பதை, தேயிலையிலேயே வாழ்ந்துவிட்டு.

அப்பா ரோட்டோரம் நின்று எண்ணினார். உள்ளே நுழைந்தார். மூன்றுக்கு மேல் போக முடியவில்லை. வெளியே வந்து மறுபடி ஒன்றிலிருந்து. நான் வேறு பக்கமாகப் போய்ப் பார்த்தேன். கையெல்லாம் கீறல், கணுக்காலில் அட்டை. ஒரு மணி நேரம் போயிருக்கும். அப்பா சாக்கை மடியில் வைத்துக்கொண்டு நனைந்த ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. அழுதிருந்தால் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

அப்போது அம்மா சேலையைத் தூக்கிச் செருகினாள். குனிந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கிளை ஒடிகிற சத்தம் மட்டும். பிறகு குரல்.

“இங்கனதான். வாங்க.”

அப்பா என்னைப் பார்த்தார். எழுந்து போனார். பின்னாலேயே நான். அம்மா ஒரு தூரடியில் மண்டிபோட்டிருந்தாள், இரண்டு கையும் மண்ணில்.

“செல்வினு. ஏ செல்வினு. அம்ம வந்திருக்கேம்யா.”

அப்பா சிலுவையை நட்டார். கல்லால் அடித்து இறுக்கினார். ஜெபம் அம்மாதான் பண்ணினாள், முடிக்கத் தெரியாமல் நீண்டுகொண்டே போயிற்று. இறங்கும்போது பஸ்ஸில் அப்பா தயிர்ச்சோறு சாப்பிட்டார். அம்மா அவர் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் பார்த்து அவர்கள் அப்படி உட்கார்ந்ததில்லை.

ஜூலை 6, ஞாயிறு

வெயில். ஆராதனைக்கு மூன்று பேரும் போனோம். மதியம் அம்மா படுத்துவிட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அது அவன் எடம் இல்ல.”

கேட்டது சரிதானா என்று பார்த்தேன்.

“அவன் தலமாட்டுல ஒரு பாற உண்டு. ஆளு படுக்கலாம், அத்தாம் பெருசு. அங்கன பாறயே இல்ல. ஒங்கம்ம நிண்டது நாலாவது நிரையோ, அஞ்சாவதோ.”

“பிறகு ஏன் நட்டீங்க?”

“பதினாறு வருசமா வராதவ வந்து மண்ணுல கைய வச்சுக்கிட்டுக் கூப்பிடுதா. இல்லன்னு எப்படிச் சொல்ல?”

மடித்த துண்டையே மறுபடி மடித்தேன். அடுத்த வருடம் சீக்கிரமே விண்ணப்பிக்கிறேன், அரிவாள் கொண்டுபோகலாம், ஆள் கூட்டிப் போகலாம் என்றேன். கேட்டுக்கொண்டிருந்தார்.

“வேண்டாம்ட்டி. நேத்தே பாத்தேம்லா. இனி காடு அது. நான் போவல.”

குரலில் கோபமில்லை, ஒன்றுமே இல்லை.

அம்மா எழுந்து வந்தாள், முடியை முடிந்துகொண்டே. முகம் தெளிந்திருந்தது. “என்ன ரெண்டு பேரும் பேசுதிய?”

“சும்மாதான்,” என்றார்.

“அடுத்த தடவ தேக்குல செஞ்சிருவோம், என்னா? வேம்பு தாங்காது. எடம் தேட நீங்க ஒண்ணும் செரமப்பட வேண்டாம். எனக்குத்தான் தெரியும்லா. வருசா வருசம் நானே கூட்டிட்டுப் போறேன்.”

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி பிள்ள,” என்றார். “போவோம்.”