கண்ணாடி மேல் நெத்திலி

என் அம்மாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எனக்கு அவமானமான இடங்களையும் சேர்த்து.

சாந்தோமில் நம் குடியிருப்பின் போர்வெல் தண்ணீர் இன்னும் உப்புத்தான். பருப்பு வேகவில்லை என்று நீ அடுப்பைத் திட்டுவாயே, இப்போது அப்பா அதே வார்த்தைகளில் திட்டுகிறார். அதனால்தான் வெயிலால் உப்பு நீக்கும் நிலையம் ஒன்றை வடிவமைத்தேன். முதலில் மொட்டை மாடியில் ஒரு சின்ன மாதிரி. கறுப்பு பூசிய தொட்டி, மேலே சாய்வாக ஒரு பழைய ஜன்னல் கண்ணாடி. தண்ணீர் ஆவியாகி, கண்ணாடியின் அடியில் துளிகளாகி, வழிந்து பாட்டிலில் விழும். இது சரியாக வந்தால் மாடி முழுக்கப் பெரிதாகக் கட்டலாம்.

என் கணக்குப்படி நாளுக்கு இரண்டு பாட்டில். வந்தது அரை பாட்டில்.

மூன்று வாரம், அம்மா. சாய்வை மாற்றினேன், ஓரங்களை மறுபடி அடைத்தேன், நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். "ஞாயித்துக்கிழம ரெண்டு பாட்டில் காட்டு, இல்லன்னா எடுத்துடு. மாடி எல்லாருக்கும் பொது" என்றார் குடியிருப்புச் செயலாளர் அங்கிள். நேற்று கேன் தண்ணீரை ஊற்றி பாட்டிலை நிரப்பப் போனேன். கேன் மூடியைத் திறந்தும்விட்டேன். ஊற்றாமலே மூடிவிட்டேன். மேலிருந்து பார்த்தாயா?

பகலில் பள்ளி, விடுமுறையில் நூலகம் என்று சாயங்காலம்தான் மாடிக்குப் போவேன். இன்று சனிக்கிழமை, பள்ளி இல்லை. மதியம் மாடிக்குப் போனால் என் கண்ணாடி முழுக்க நெத்திலி. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா அதைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா இது?"

"கண்ணாடி சும்மாதானே சூடா கீது? தரையில போட்டா மண்ணு ஒட்டுது. நல்ல மெஷினுதான் செஞ்சிக்கிற."

"வெயிலு உள்ள போவலன்னா தண்ணி எப்பிடிக்கா வரும்?"

"மூணு வாரமா உங்கப்பா துன்ற கருவாடு எதுல காஞ்சதுன்னு நெனச்ச?"

கத்திவிட்டேன். அக்கா மீனை அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டார். நீ இருந்திருந்தால் நீயும் அங்கேதான் காயவைத்திருப்பாய். அதை நினைத்ததும் கோபம் இன்னும் ஏறியது. அத்தனை புத்தகங்களில் நெத்திலியைப் பற்றி ஒரு வரி இல்லை. என் வரைபடத்திலும் இல்லை. மாடியில் காலங்காலமாக மீன் காய்வது எனக்குத் தெரியாதா என்ன?

நாளை ஒரே ஒரு நாள் முழு வெயில். அது போதுமா?

எவ்வளவு விழுந்தாலும் அவ்வளவையே காட்டுவேன். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவைத்து முதல் கிண்ணத்தை அக்காவிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்பேன். மீதமிருக்கும் பழைய ஜன்னல் கண்ணாடியும் இனி அவர் மீனுக்குத்தான். சத்தியம்.

இன்னும் எழுத இருக்கிறது. ஆனால் நான் உட்கார்ந்து எழுதும் இந்த நூலகத்தில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

உன் மூத்த மகள்,
மேரி