நெளிந்த ஜிப்பும் நாற்பது வினாடிப் பந்தயமும்

ஜூன் 30

சாரதாமணி அக்காவின் பிழைப்பைக் கெடுத்தது தரணீதரன். அதற்கான காகிதத்தைத் தட்டச்சு செய்தது நான்.

பிரான்ஸ் கம்பெனிக்கு நாங்கள் தைத்தது, சைக்கிள் பந்தய ரசிகர்கள் போடும் ஜிப் வைத்த பனியன், இரண்டாயிரம் உருப்படி. ஜிப் நெளிந்துவிட்டது. மட்டமான ஜிப்பை வாங்கியவன் தரணி. "யார் தவறு, என்ன நடவடிக்கை?" என்று பிரான்ஸ் கம்பெனி கேட்டது. சரக்கு ரிஜக்ட் ஆகிவிட்டது என்ற தரணி, டெய்லர் சாரதாமணியின் தவறு, நீக்கிவிட்டோம் என்று எழுதச் சொன்னான். எழுதினேன். கம்பெனிக் கடிதம் எழுதுவதுதானே என் வேலை.

அக்கா கம்பெனி வாசலில் கேட்டார்: "ஏனுங் தம்பி, எம்பேரு பிரான்சுக்கெல்லாம் போயிருக்குதாமா?"

ஜூலை 7

தரணி என் கல்லூரி நண்பன், இப்போது சின்ன முதலாளி. பந்தயம் பார்க்க என்னையும் பிரான்சுக்குக் கூட்டிப்போகிறான். இங்கிலீஷ் பேச ஆள் வேண்டுமே! விசாவில் 'தொழில் சந்திப்பு'.

ஞாயிறுதோறும் பல்லடம் ரோட்டில் சைக்கிள் ஓட்டுவான். பின்னால் இளநீரோடு கார் வரும். கம்பெனிக்குள் டெய்லர்கள் சைக்கிள் நிறுத்த இடம் கிடையாது.

வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன்? — பிரான்ஸ் ஆசைதான், வேறென்ன.

ஜூலை 14

மலைச் சாலையோரம் ஆறு மணி நேரம். விளம்பர வண்டிகளிலிருந்து தொப்பி வீசினார்கள். நானூறு டெய்லர்களின் முதலாளி, ஒரு ஓசித் தொப்பிக்காக வெள்ளைக்காரப் பாட்டியோடு மல்லுக்கட்டினான். ஜெயித்ததும் தொப்பியைத் திருப்பித் தையலையும் லேபிளையும் பார்த்தான். "பங்களாதேஷ்டா!" முகம் செத்துவிட்டது.

எனக்கும் அதே வியாதி. முன்னால் நின்றவனுடைய பனியனின் கீழ்மடிப்பைக் கை தானாகப் புரட்டிவிட்டது. அவன் துள்ளித் திரும்பினான். மன்னிப்புக் கேட்கும்போதுதான் பார்த்தேன் — நெளிந்த ஜிப். எங்கள் சரக்கு. சுற்றிப் பார்த்தால் பத்துப் பேர் போட்டிருக்கிறார்கள். ஜிப்பைக் காட்டிக் கேட்டேன். நெளிந்திருப்பதே அவனுக்குத் தெரியாது. தரணியிடம் திரும்பினேன்.

"ரிஜக்ட் ஆச்சுன்னியேடா?"

"டிஸ்கவுண்டுல பிரான்ஸ்காரனே எடுத்துக்கிட்டான்."

"அப்பறம் எதுக்குடா அக்காவ நிறுத்துனே?"

"பேப்பர்ல ஒரு பேரு வேணுமில்ல? போச்சாது உடு முகிலா, வர்றாங்க பாரு!"

வந்தார்கள். நாற்பது வினாடி. போய்விட்டார்கள். தரணி எடுத்த வீடியோவில் அவன் கட்டைவிரல் மட்டும் தெளிவாக இருக்கிறது.

ஜூலை 16

திரும்பும் விமானத்தில் தரணி அந்தத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கினான்.

ஜூலை 24

அக்காவைப் பார்க்கப் போனேன். பல்லடத்தில் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறார். "கோழி யாருமேலயும் குத்தஞ் சொல்றதில்லீங் தம்பி" என்று சிரித்தார். கிளம்பும்போது, "மிசினுக்கு வரச் சொன்னா இன்னைக்கே வந்தர்றனுங்க" என்றார். அப்போது சிரிக்கவில்லை.

ஜூலை 29

ஜிப்பை வாங்கியது தரணி, சரக்கை நீங்களே விற்றுவிட்டீர்கள், இரண்டையும் ஆபீஸ் மெயிலிலேயே பிரான்ஸ் கம்பெனிக்கு எழுதிவிட்டேன். மூன்று வாரம் கோடை விடுமுறை என்று தானாக ஒரு பதில் வந்தது. மனிதர்கள் யாரும் பதில் போடவில்லை.

ஆகஸ்ட் 4

திங்கள், பகல் பதினொரு மணி. வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆபீஸில் இருக்கும் அன்புசெல்வி போன் செய்தாள். தரணி என் மெயிலைப் பார்த்துவிட்டானாம். பிரான்சுக்குப் புதுக் காகிதம் போயிருக்கிறதாம்: தவறு கடிதம் எழுதும் முகிலனுடையது, நீக்கிவிட்டோம்.

தரணியைக் கூப்பிட்டேன். எடுத்தான். "ஒரு பேரு வேணும்னே, கெடச்சிருச்சில்ல? இப்ப அக்காவ வேலைக்குக் கூப்பிடு" என்றேன். மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுபடியும் சொன்னேன்:

"கூப்பிடுறா."