தண்ணி அடிச்சிட்டு உடைங்க

என் உயிர் வாப்பாவுக்கு,

உங்கள் மகளின் சலாம். முந்தநாள் நம் வீட்டுக்கு எதிரே இருக்கும் பாலர் பாடசாலையின் கூரையைக் கழற்ற ஆட்கள் வந்தார்கள். பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றுகள். முதலாவது சீற் முறிந்த சத்தத்துக்கு உம்மா குசினியிலிருந்து வந்து என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் உங்கள் கதிரையைப் பார்த்தோம். நீங்கள் இருந்திருந்தால் அதற்குள் பொய்க்காலை மாட்டிக்கொண்டு படலையைத் தாண்டியிருப்பீர்கள்.

இந்தக் கடிதத்தைப் பிறரும் வாசிக்கப் போகிறார்கள். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிண்ணியாவிலிருந்து கடற்படைக்குப் போனவர் நீங்கள். கடலில் படகு வெடித்ததில் வலது கால் போனது. இரக்கப்பட்டுத் துறைமுகப் பட்டறையில் உட்கார்ந்த வேலை தந்தார்கள். கப்பல் இயந்திரக் குழாய்களில் சுற்றியிருந்த பழைய வெள்ளை உறையைச் சுரண்டி எடுக்கும் வேலை. மத்தியானமாகும்போது எல்லாரும் இடியப்பத்துக்கு மா இடித்தவர்கள் போல இருப்போம் என்று சொல்லிச் சிரிப்பீர்கள். அந்த மா அஸ்பெஸ்டஸ் தூசு என்று அன்றைக்கு உங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. பல வருடம் கழித்து அது புற்றுநோயாக உங்கள் தொண்டையைப் பிடித்தது. குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும், அந்தத் தூசுதான் காரணமாக இருக்கலாம் என்றார் டொக்டர்.

சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் பின்னேரம், ஏதாவது கதையுங்கள், கேட்டு வைத்துக்கொள்கிறேன் என்று உம்மா அழுதார். புத்தகங்களில் இப்படியான வேளைகளில் மனிதர்கள் நீளமாகப் பேசுவார்கள். நீங்கள் சொன்னது இவ்வளவுதான்:

"எல்லாத்தையும் இண்டைக்கே கதைச்சி முடிச்சா, நாளைக்கு என்னத்தக் கதைக்கிற?"

கழுத்தில் ஒரு துளையோடு வீட்டுக்கு வந்தீர்கள். காற்றை விழுங்கி, ஏப்பம் போல மேலே எடுத்து, அதைச் சொல்லாக்க வேண்டும் என்று ஒரு தாதி பழக்கியிருந்தார். மாதக்கணக்கில் ஆட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து முயன்றீர்கள். ஆடுகள் முதலில் பயந்தன, பிறகு பதில் சொல்லத் தொடங்கின. என் பெயரைத்தான் முதலில் சொல்வீர்கள் என்று நான் காத்திருந்தேன். வந்த சொல் "தண்ணி". வல்லினத்தில் தொடங்குகிற சொற்கள்தான் அந்தக் குரலுக்குச் சுலபமாம். உம்மா செம்போடு ஓடி வந்தார். உங்களுக்குத் தாகமே இல்லை. ஆனாலும் வாங்கி முழுவதையும் குடித்தீர்கள்.

ஒரு மூச்சுக்கு மூன்று சொல். அதற்கு மேல் உங்களால் ஏலவில்லை. அந்த மூன்று சொல்லை வைத்து நீங்கள் செய்த வேலைக்காகத்தான் இந்தக் கடிதமே.

ஒரு புயலுக்குப் பிறகு ஊரெல்லாம் கூரை மாற்றினார்கள். பக்கத்துத் தெருவில் பழைய சீற்றுகளைச் சுத்தியலால் அடித்து நொறுக்க, வெள்ளைத் தூசு வேலிக்கு மேலாக வந்தது. பள்ளிவாசலால் வந்த நீங்கள் தலையில் தொப்பியோடு நேராக அங்கே போய் நின்றீர்கள்.

"தண்ணி அடிச்சிட்டு உடைங்க."

நனைத்தால் தூசு எழும்பாது என்பதைச் சொல்ல வந்தீர்கள். ஆனால் நம் மொழியில் தண்ணி அடிப்பது வேறு அலுவல் அல்லவா? கூரையில் இருந்தவர்கள் விழாத குறை. "நானா, நீங்க முந்தியே அடிச்சிட்டுத்தான் வந்திருக்கீங்க போல" என்றான் ஒருவன். 'சீற்றுக்கு' என்று விளக்க உங்களிடம் காற்று மிச்சமில்லை. நீங்களும் சிரித்தீர்கள், சத்தமில்லாமல், தோள் குலுங்க. பிறகு கழுத்துத் துணியை விலக்கி, அந்தத் துளையைக் காட்டிவிட்டு, விரலைச் சீற்றுகளின் பக்கம் நீட்டினீர்கள். அவன் ஏணியால் இறங்கி வந்து, பைப் எங்கே என்று கேட்டான்.

அன்றிலிருந்து நீங்கள் 'தண்ணியடி நானா', ஊருக்கே அண்ணன். ஐந்து வேளை தொழுகிற மனிதருக்கு இப்படியொரு பெயரா என்று உம்மா கவலைப்பட்டார். "பேர் கெடட்டும்" என்றீர்கள். காற்றை விழுங்கி, "மத்தவன்ட நெஞ்சு கெடாதே" என்று முடித்தீர்கள்.

கூரை உடைக்கிற இடம் தேடித் தம்பலகாமம் வரை பஸ் ஏறிப் போனீர்கள். சாம்பல்தீவில் நேவிக்காரன் வந்திருக்கிறான் என்று படலையைச் சாத்தியவர்களும் இருந்தார்கள். யுத்தத்தைக் கண்ட அவர்களுக்கும் காரணம் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். சாத்திய படலைக்கு வெளியே நின்று அதே மூன்று சொல்லையும் சொல்லிவிட்டுத் திரும்பினீர்கள். நோய் நெஞ்சுக்குத் திரும்பி வந்த பிறகும், கண்ணை மூடும் வரை ஓட்டோ பிடித்துப் போனீர்கள்.

அந்தப் பட்டறையில் உங்களோடு இருந்து மாவில் குளித்தவர்கள் இப்போது எங்கே வாப்பா? அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

முந்தநாளுக்கு வருகிறேன். கூரைக்குக் கீழே மணலில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது சீற்றும் முறிந்தது. என்னை உங்களுக்குத் தெரியும். வாசலில் பாண் விற்க வருகிறவருக்கே தலையை ஆட்டித்தான் பதில் சொல்கிறவள். தெருவைக் கடக்கும்போது மனதுக்குள் ஒரு நீண்ட விளக்கத்தை அடுக்கிக்கொண்டு போனேன், வாசித்த எல்லாவற்றையும் சேர்த்து. எனக்குக் காற்றும் இருக்கிறது. ஆனால் கூரையிலிருந்த அத்தனை ஆண்களும் திரும்பிப் பார்த்தபோது வாயில் வந்தது உங்கள் சொற்கள்தான்.

"தண்ணி அடிச்சிட்டு உடைங்க."

பிறகு அதே சிரிப்பு. என் காது சுட்டது, ஆனாலும் நான் அசையவில்லை. ஏணியில் நின்ற ஒரு வயதான மேசன் மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்கடா. இது தண்ணியடி நானாட மகள்."

இறங்கி வந்து, "தங்கச்சி, பைப் எங்க?" என்றார்.

ஆசிரியை பிள்ளைகளை நம் வளவுக்குக் கூட்டி வந்தார். உம்மா எல்லாருக்கும் பிஸ்கட் கொடுத்தார். உங்கள் கதிரையில் மூன்று பேர் ஒன்றாக ஏறி இருந்தார்கள். எதிரே சீற்றுகள் நனைந்து, ஆணி கழன்று, முழுசு முழுசாகக் கீழே இறங்கின. ஒரு துளி வெள்ளையும் பறக்கவில்லை வாப்பா.

இனி எந்தத் தெருவில் அந்தச் சத்தம் கேட்டாலும் நான் போவேன். விளக்கம் கேட்டால் விளக்கமும் சொல்வேன். ஆனால் முதலில் உங்கள் மூன்று சொல்தான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சிரித்த பிறகுதானே இறங்கி வருகிறார்கள்.

உம்மா வைத்த பெயர் ஒன்று எனக்கு இருக்கிறது. இன்றைக்கு ஊர் தந்ததையே கையெழுத்தாக வைக்கிறேன்.

தண்ணியடி நானாட மகள்